ராணி மயங்கிய பிறகும் கேட்ட பாட்டு

அந்தக் காலத்து ஜொகூரைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் ரப்பர், கொசு, மலேரியா என்று மூன்றோடு முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் என்ன, காய்ச்சலில் நடுங்கியே ஆயுளைக் கழித்தோமா? நவராத்திரி வந்தால் ஜொகூர் பாருவில் பத்து நாளும் பாட்டும் நாடகமும்தான். காலையில் கோயில் கொட்டகையில் கச்சேரி, சாயங்காலம் ரயில்வேக்காரர்களின் மன்றக் கூடத்தில் நாடகம். செடெனாக், கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி வருவார்கள். சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாதை போட்ட பிறகு அங்கிருந்தும் வர ஆரம்பித்தார்கள்.

கூடத்தில் முன்வரிசை நாற்காலிகள் உத்தியோகஸ்தர்களுக்கு. அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் பாய். பெண்களுக்கு ஒரு பக்கமாக மூங்கில் தட்டி கட்டி மறைத்திருப்பார்கள். அதன் இடுக்கு வழியாகப் பார்த்தால் ராஜாவின் கிரீடம் தெரியும்போது முகம் தெரியாது, முகம் தெரியும்போது கிரீடம் தெரியாது. அப்படியும் நாங்கள் ஒரு நாள்கூட விட்டதில்லை.

அந்தப் பத்தில் ஒரு நாள் நாடகம் போட்டது கிராணிமார்கள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், சேர்ந்து நடத்திய ஒரு சபா. குடும்பப் பெண்கள் மேடை ஏறக் கூடாது என்பது சபாவின் சட்டம். மற்றப் பெண்களை ஏற்றவே கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆகையால் ராணி, தோழி, மாமியார், பேய் எல்லாமே மீசை முளைக்கும் ஜாதிதான். இந்தச் சட்டங்களைப் போட்டவர் சபாவின் தலைவர். அவரே என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆபீசுக்கும் பெரிய கிராணி. எல்லாரும் அவரைப் பெரிய ஐயா என்பார்கள்.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் ஆபீசில் கிராணி. ரயில் பெட்டியில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் சரிபார்ப்பது அவர் வேலை. மூட்டை குறைந்தால் வெள்ளைக்காரத் துவான் திட்டுவார், கூடினால் பெரிய ஐயா திட்டுவார். வருஷம் பூராவும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற அந்த மனிதர் நவராத்திரியில் ஒரு நாள் ராணியாகிவிடுவார். சபாவுக்கு ஸ்திரீ பார்ட் அவர்தான். என் கூறைப்பட்டு என் உடம்பில் இருந்ததைவிட மேடையில் அவர் உடம்பில்தான் அதிகம் இருந்தது. கொசுவம் வைப்பதில் அவருக்கு இருந்த நேர்த்தி எனக்கு வராது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அவர் மேடையில் திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு ராணிதான் நின்றாள். அந்த ஒரு நாளுக்காகவே அவர் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நடை அழகு, பார்வை அழகு, பேச்சும் குறைவில்லை. பாட்டு மட்டும் சுமார்.

எனக்குப் பாட்டு யாரும் சொல்லித் தரவில்லை. மாயவரத்தில் என் அண்ணனுக்குச் சொல்லித்தர ஒரு வாத்தியார் வீட்டுக்கு வருவார். அண்ணன் முன்கட்டில் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பாடுவான், நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே சரியாகப் பாடுவேன். ஒரு நாள் அப்பா காதில் விழுந்தது. அதோடு அடுப்படிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். கல்யாணமாகிக் கப்பலேறி இங்கே வந்தால் ரயில்வே குவாட்டர்சில் கதவு இருந்தது, சுவர்தான் சுவராக இல்லை. எல்லாம் பலகை. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். நான் காலையில் வேலை செய்துகொண்டே மெதுவாகப் பாடுவேன். அது மெதுவாகத்தான் இருந்தது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு மூன்று மாதம் முன்பே அவர் வீட்டில் ஒத்திகை ஆரம்பித்துவிடுவார். நான் ரசம் தாளித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

"இது முகாரி இல்லீங்க. பைரவிக்குள்ள போயிட்டீங்க."

"நான் எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்."

"கால் இங்கதான் நிக்குது. பாட்டு போயிருச்சு."

முறைப்பார். பிறகு கரண்டியும் கையுமாக நான் பாடிக் காட்டுவேன், அவர் அதைப் பிடித்துக்கொள்வார். சபாவில் அதைக் கேட்டுவிட்டு, மெட்டு பிரமாதம் என்பார்களாம். அந்தப் புகழைக் கொண்டுவந்து சாப்பிடும்போது என்னிடமே சொல்வார். "மெட்டு யாரோடதுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டால் தலை நிமிராமல் சோற்றைப் பிசைவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பலகைச் சுவருக்கு வெளியே இருக்கிறவர்கள் ஒரே ஒரு தடவை என் பாட்டைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு இது இவள் பாடியது என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நகை கேட்கிற பெண்டாட்டியாக இருந்திருந்தால் அவர் பாடு சுலபமாகப் போயிருக்கும்.

கடல் பாதை போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷ நாடகத்தைத் தபாலாபீஸ் கிராணி ஒருவர் சொந்தமாக எழுதியிருந்தார். ராஜாவைப் பிரிந்த ராணி காட்டில் அலைகிறாள், பாடுகிறாள், மயங்கி விழுகிறாள், புலி வருகிறது, ராஜா வந்து புலியைக் கொன்று ராணியைச் சேர்கிறார். ஜொகூர்க்காரர்களுக்குப் புலி இல்லாவிட்டால் அது காடே இல்லை. ஆர்மோனியத்துக்குச் சிங்கப்பூரில் முகாம் போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியின் வித்வானைப் பேசி வரவழைத்திருந்தார்கள். பெரிய ஐயா ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, மலாய் உத்தியோகஸ்தர்களையும் அழைத்துவிட்டார்.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டுக்காரர் கொட்டுகிற மழையில் நின்று மூட்டை எண்ணினார். மறுநாள் காலை எழுந்து என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று தெரிந்ததையெல்லாம் கொடுத்தேன். சாயங்காலம்வரை காற்றேதான். சுங்க ஆபீஸ் கிராணி ஒருவர் ரொம்ப நாளாக அந்த ராணி வேஷத்தின் மேல் கண் வைத்திருந்தார், அவருக்குப் பாட்டும் நெட்டுருவாகத் தெரியும். ஒரு தடவை அவரிடம் போனால் வேஷம் திரும்ப வராது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்து போய்ச் சலவைக் கணக்குப் போடுகிற சிலேட்டை எடுத்துவந்து எழுதினார். "நீ மறைவில் நின்று பாடு. நான் வாய் அசைக்கிறேன்."

நான் மறுப்பேன், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, இரண்டாவது வரி எழுதக் குச்சியைத் தயாராக வைத்திருந்தார். நான் எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

தபாலாபீஸ் நாடகாசிரியரிடம் தொண்டை கட்டிவிட்டது, பேச வராது, பாட்டு மட்டும் எப்படியோ வருகிறது என்று எழுதிக் காட்டினாராம். அந்த மனிதர் அதை அப்படியே நம்பினார். நாடகம் எழுதுகிறவர் அல்லவா! துக்கத்தில் ராணிக்குப் பேச்சே நின்றுவிட்டது, பாட்டு மட்டும்தான் வருகிறது என்று ஒரே மூச்சில் கதையை மாற்றி எழுதிவிட்டு, முன்னைவிட இதுதான் உருக்கமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாராம். ஆர்மோனிய வித்வானிடம் மட்டும் உண்மையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அவருக்குத் தலையெல்லாம் நரை, எத்தனையோ கம்பெனி பார்த்தவர். அவர் நியாயம் அநியாயம் ஒன்றும் பேசவில்லை.

"அம்மாவுக்கு எத்தனை கட்டை?" என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டுக்காரர் சுருதி மூன்று கட்டை. நான் ஐந்து கட்டையில் பாடிக் காட்டினேன். அவர் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி கூடவே வாசித்தார், பிறகு நிறுத்திவிட்டு, "சரி" என்றார். அந்த 'சரி'யை நான் வெகு நாள் மனசுக்குள் வைத்திருந்தேன்.

மன்றக் கூடத்தை ஒன்பது மணிக்குள் ஒழித்துக் கொடுத்தாக வேண்டும், அதனால் நான்கு மணிக்கே மணி அடித்துப் படுதாவைத் தூக்கிவிட்டார்கள். நான் பின்வாசல் வழியாகப் போய் மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால், வேஷப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு முன்னாலேயே புலி உட்கார்ந்திருந்தது. பகலில் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன், நல்ல பருமன். மஞ்சள் பூசி வரி வரியாகக் கரி தீட்டிக்கொண்டு, வால் அழுக்காகாமல் மடியில் சுருட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து ஒதுங்கி நின்றார். விஷயம் புரிந்ததும், "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் பாட்டு வந்தது. வாயைத் திறந்து பாடினேன். தட்டியின் ஓரமாக அவர் தெரிந்தார். என் ஒவ்வொரு மூச்சுக்கும் சரியாக வாய் திறந்தார், கழுத்து நரம்பைக்கூடப் புடைக்க வைத்தார். நாற்காலிப் பக்கத்திலிருந்து, "இந்த வருஷம் தொண்டை எப்படி வளர்ந்திருச்சு பாருய்யா!" என்று யாரோ சொன்னது கேட்டது. எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

பிறகு காட்டுக் காட்சி. முகாரி. அதை நான் பாடி முடித்ததும் ராணி மயங்கி விழ வேண்டும். நான் பாடி முடித்தேன், அவர் விழப் போனார், கூடம் விடவில்லை. பாயிலிருந்து ஆரம்பித்து நாற்காலிவரை ஒரே கூச்சல்: "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

ஒன்ஸ்மோர் கேட்டால் பாடியே ஆக வேண்டும். செத்த ராஜாவே எழுந்து உட்கார்ந்து பாடிவிட்டுத் திரும்பச் சாவார், அதுதான் வழக்கம். அதிலும் ஒரு முறை உண்டு. முதலில் பாடியதையே இரண்டாம் தடவையும் பாடினால் மரியாதை இல்லை, புதுசாக ஏதாவது சங்கதி வைத்துக் காட்ட வேண்டும். நானும் அவரும் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தோம், இதை மட்டும் யோசிக்கவில்லை. எங்களுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள் என்று நாங்களே நினைக்கவில்லை.

வித்வான் ஆர்மோனியத்தில் ஐந்தாம் கட்டையை அழுத்தி எனக்கு அடி எடுத்துக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். அடுப்படிக் கதவு, பலகைச் சுவர் எல்லாம் போய்விட்டது. கடைசி வரியை நான்கு விதமாகத் திருப்பினேன், நான்காவதிலிருந்து ஐந்தாவது தானாக வந்தது. வித்வான் விடாமல் பின்னாலேயே வந்தார். மேடையில் என் வீட்டுக்காரர் என்ற ஒருவர் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது, அதுதான் உண்மை.

புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் புலி.

"அம்மா, ராணி விழுந்துட்டாங்க!"

தட்டி ஓரமாகப் பார்த்தேன். அவர் இரண்டு திருப்புக்குத் தாக்குப்பிடித்திருக்கிறார். மூன்றாவதும் வரவே, இதற்குமேல் முடியாது, இதுதான் முடிவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு மயங்கி விழுந்துவிட்டார். கண்ணை மூடி, வாயை மூடி, என் கூறைப்பட்டில் தரையில் கிடந்தார். கூடம் முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு நடுவில் மயங்கிய ராணியின் பாட்டு மட்டும் அமர்க்களமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் பாதி வரியில் நிறுத்தினேன்.

"அலமாக்!" என்று வியந்து ஒரு மலாய்க் குரல். "உள்ள பாடுறது யாருப்பா?" என்று இன்னொரு குரல். பெரிய ஐயா நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் தட்டிக்குப் பின்னால் வந்து பார்த்தால் எங்கள் கதி என்ன என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதே சமயம், வரட்டுமே, பார்க்கட்டுமே என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. தரையில் கிடந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என் பக்கம் பார்த்தார்.

எங்களைக் காப்பாற்றியது புலிதான். தனக்கு மணி அடிக்கக்கூடக் காத்திராமல் அந்த மகானுபாவர் ஒரு உறுமல் உறுமிக்கொண்டு மேடையில் பாய்ந்தார். பாயில் இருந்த குழந்தைகள் வீறிட்டன, கூடம் சிரித்தது, ராஜா அவசர அவசரமாக வாளைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தச் சந்தடியில் நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். உள்ளே கிராமபோன் வைத்திருந்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். நாடகாசிரியர் எல்லாரையும் மிஞ்சிவிட்டார். ராணியின் உடம்பு மயங்கினாலும் உயிர் பாடிக்கொண்டிருக்கிறது என்பது தாம் வேண்டுமென்றே வைத்த புதுமை, அதற்காக என் வீட்டுக்காரர் உதடு அசையாமல் பாடும் வித்தையைப் பழகியிருக்கிறார் என்று அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அதற்குள் அவரே அதை நம்பியிருந்தார். பெரிய ஐயா பூரித்துப்போய், விஜயதசமி காலையில் கோயில் கொட்டகையில் வைத்து ராணிக்கு மெடல் என்று அறிவித்துவிட்டார்.

பெண்களிடம் இந்தக் கதையெல்லாம் செல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாள் காலை துணி காயப்போடும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் வரியிலேயே விளங்கிட்டுது. அது உங்கட குரல்."

"எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் விடியக் கேக்கிறனான்தானே. மூங்கில் தட்டிக்குப் பின்னாலை இருந்த பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும். ஒருதரும் வாய் திறக்கேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் ஆசை எப்படிப்பட்டது பாருங்கள், அது எனக்குப் போதவில்லை. மெடல் அவர் சட்டையில் ஏறப்போகிறதே என்று வயிறு எரிந்தது.

நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன், பேசவில்லை. அவர் தொண்டை திறந்துகொண்டே வந்தது, திறந்து என்ன பிரயோஜனம், பேச ஆளில்லை. விஜயதசமிக்கு முதல் நாள் அவரே வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"சொல்லிட்டா என்னை இனிமே சேத்துக்க மாட்டாங்க. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஆபீஸ்ல நான் மூட்டை எண்றவன். அங்கதான் நான் ஒரு ஆளு."

"பாடுனது நான்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதும் நியாயம்தான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் கோட்டும் தலைப்பாகையுமாக முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். கொட்டகையில் தட்டி கிடையாது, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெரிய ஐயா கால் மணி நேரம் பேசினார். சிங்கப்பூரில்கூட இப்படி ஒரு வித்தை கிடையாது என்றார். பிறகு மெடல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்த முகாரியில ரெண்டு வரி பாடுங்க. உதடு அசைக்காம பாடிக் காட்டுங்க, ஜனங்க பாக்கட்டும்" என்றார்.

அவர் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெடல் அவருடையது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

பாட ஆரம்பித்தார். மூன்று கட்டையில், தன் சொந்தக் குரலில், வாயை நன்றாகத் திறந்து பாடினார். ஒரு வரியும் விடாமல் பல்லவியிலிருந்து பாடினார். பாதியில் முகாரி போய்ப் பைரவி வந்தது, அது தெரிந்தும் நிறுத்தவில்லை. ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே கடைசி வரிவரை பாடி முடித்தார். அவ்வளவு மோசமாக அந்தப் பாட்டை யாரும் பாடியிருக்க முடியாது. அதைப் போல ஒரு பாட்டை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை.

பெரிய ஐயாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "தொண்டை இன்னும் சரியாகல போலிருக்கு" என்றார்.

"சரியாயிருச்சுங்க ஐயா. இதுதான் என் தொண்டை."

"அப்ப அன்னிக்குப் பாடுனது?"

"எங்க வீட்டுல" என்று சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். பக்கத்து வீட்டு அம்மாள் என் முதுகில் கை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். நான் நிமிர்ந்தே இருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துப் பேச மாட்டேன்.

பெரிய ஐயா மெடல் பெட்டியை மூடிவிட்டார். யாருக்கும் கொடுக்கவில்லை. சபாவை ஏமாற்றிவிட்டீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இனிமேல் வேஷம் கிடையாது என்பதை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். ராணி வேஷம் சுங்க ஆபீஸ் கிராணிக்குப் போனது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பட்டுப் புடவையை மடித்து என் பெட்டியில் வைத்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் இலை போடப் போய்விட்டேன்.

அடுத்த நவராத்திரிக்குள் பெண்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். பெரிய ஐயாவின் சம்சாரமே முன்னால் நின்றார். மேடையில்தானே பெண்கள் ஏறக் கூடாது, கோயில் கொட்டகைத் தரை மேடை இல்லையே, அங்கே காலைக் கச்சேரியில் சாமிக்கு முன்னால் ஒரு பெண் பாடினால் எந்தச் சட்டம் தடுக்கும் என்று கேட்டாராம். கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே வந்ததால் பெரிய ஐயா சரி என்றுவிட்டார். கச்சேரி நோட்டீசில் கூட்ஸ் ஆபீஸ் கிராணியின் சம்சாரம் என்று போட்டார்கள். முதல் நாள் காலையே என் பாட்டு.

விடிந்ததும் குளித்து, அதே பட்டைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விழாவுக்குக் கொடியேறுகிற முதல் நாள் காலையில் மீசையை எடுத்துவிடுவது அந்தக் காலத்தில் ஸ்திரீ பார்ட் போடுகிறவர்களின் வழக்கம், அதிலிருந்து பத்து நாள் அவர்கள் வேறு ஆள். அவருக்கு இந்த வருஷம் ராணி இல்லை, தோழி இல்லை, மாமியார்கூட இல்லை. அவர் மீசையை எடுத்திருந்தார்.

"என்னங்க இது?"

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "கை பழக்கம்" என்றார். பிறகு என் கொசுவத்தைப் பார்த்து, "கோணலா இருக்கு" என்று குனிந்து சரிசெய்துவிட்டார்.

நான் பாடப் போகவில்லை, இவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால்தான் பாடுவேன் என்று பெரிய ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பெண்கள் என் பக்கம் இருந்தார்கள், சொல்லியிருந்தால் ஒருவேளை நடந்தும் இருக்கும். நான் சொல்லவில்லை. எனக்குப் பாட வேண்டியிருந்தது. மீசை இல்லாத முகத்தோடு அவர் சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போய் உட்கார்ந்து பாடினேன்.